பெயர் மாறியதும் நின்றுபோன நிரல்: அறிகுறியிலிருந்து காரணம் வரை

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. நாங்கள் நான்கு பேர். புதிதாக நிரல் எழுதுவது குறைவு. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்ட மென்பொருள்களை உயிரோடு வைத்திருப்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்த வேலையில் ஒரு வகைப் பிழை அடிக்கடி வரும். நிரலில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மொழியின் பெயர் மட்டும் எங்கோ மாறியிருக்கும். அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும்.

புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு இதை ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். திரையில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

ஊருக்கு வடக்கே நிற்பது சேர்வராயன் மலை. வெள்ளைக்காரக் காப்பித் தோட்டக்காரர்கள் வாயில் அது 'ஷெவராய்' ஆனது. அடிவாரத்து டீக்கடையில் கேட்டால் வெறும் "மலை". மூன்றில் எந்தப் பெயரை எழுதிக் கடிதம் போட்டாலும் போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் தபால்காரருக்கு ஊர் தெரியும். கணினிக்கு அந்தப் புத்தி கிடையாது.

ஒரு மொழியின் பெயர் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். நிரலை ஓட்டும் கட்டளையில் இருக்கும். கோப்புப் பெயரின் வாலில், புள்ளிக்குப் பின்னால் இருக்கும். நிறுவும் தொகுப்பின் பெயரில் இருக்கும். நிரலுக்கு உள்ளேயே, இறக்குமதி வரிகளில் இருக்கும். கடைசியாக ஆட்களின் வாயிலும் பயோடேட்டாவிலும் இருக்கும். இந்த ஐந்தும் ஒரே நாளில் மாறியதாக நான் பார்த்ததே இல்லை. மூன்று மாறி இரண்டு மாறாமல் நிற்கும்போதுதான் நமக்கு போன் வருகிறது.

எனவே ஒரு தாளை எடுத்து ஐந்தையும் எழுதி, எது பழையது, எது புதியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பிழைகள் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: "பெர்ல் 6.0.0 தேவை, இது 5.30 மட்டுமே" என்று நின்றுவிடுகிறது

பெர்ல் என்பது ஒரு பழைய நிரல்மொழி. இந்தச் செய்தியைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பெர்லைப் புதுப்பிப்பது. எங்களிடம் சேர்ந்த ஒரு தம்பி ஒரு மதியம் முழுக்க 5.36, 5.38 என்று ஏற்றிக்கொண்டே போனான். ஒவ்வொரு முறையும் அதே வரி, கடைசி எண் மட்டும் வேறு. "அண்ணா, 6 எங்கண்ணா கிடைக்கும்?" என்று சாயங்காலம் கேட்டான்.

கிடைக்காது. பெர்லில் 6 என்று ஒன்று இனி வரப்போவதில்லை.

காரணம் கோப்பின் முதல் வரியில் இருக்கிறது: 'யூஸ் வி6'. அது பெர்ல் நிரல் இல்லை, ராக்கு என்ற வேறொரு மொழியின் நிரல். பெர்ல் 6 என்று 2000-இல் அறிவித்தபோது அது பெர்ல் 5-இன் அடுத்த பதிப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் நிலையான பதிப்பு 2015 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. இடையில் 15 ஆண்டு. அதற்குள் அது இலக்கணமே வேறான தனி மொழியாகிவிட்டது, பெர்ல் 5-ம் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்கப்போவதில்லை என்பது தெளிவான பிறகும் எண்கள் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன. 2019 அக்டோபரில் மொழியை உருவாக்கிய லேரி வால் சம்மதம் கொடுத்ததும் பெர்ல் 6 என்ற பெயர் போய் ராக்கு என்ற பெயர் வந்தது.

சரிசெய்வது எளிது: அந்தக் கோப்பைப் பெர்லை வைத்து ஓட்டாதீர்கள், 'ராக்கு' கட்டளையால் ஓட்டுங்கள்.

இங்கேதான் இன்னொரு தவறு நடக்கும். பெயர் மாறிவிட்டதே என்று முதல் வரியிலுள்ள வி6-ஐயும் அழித்துவிடுவார்கள். அழிக்க வேண்டாம். ராக்கு மொழியின் பதிப்புகள் இன்றும் 6.சி, 6.டி என்றுதான் எண்ணப்படுகின்றன. 6.சி-க்குக் கிறிஸ்துமஸ் என்று செல்லப்பெயர். 2018 நவம்பரில் வந்த 6.டி-க்கு என்ன பெயர் தெரியுமா, தீபாவளி! வீட்டுப் பலகை மாறியது, கதவு எண் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 6 அங்கே தங்கிவிட்டதால்தான் 2020-இல் பெர்லின் அடுத்த பெரிய பதிப்பை அறிவித்தவர்கள் 6-ஐத் தாண்டிப் பெர்ல் 7 என்றார்கள். அதுவும் வரவில்லை. பெர்ல் இன்னும் 5-இலேயே நடந்துகொண்டிருக்கிறது, நன்றாகத்தான் நடக்கிறது.

அறிகுறி: 'ராக்கு' என்ற கட்டளையே இல்லை என்கிறது. அல்லது 'பெர்ல்6' இல்லை என்கிறது

ஒன்றுக்கொன்று நேரெதிர் அறிகுறிகள், காரணம் ஒன்றே. பழைய சர்வரில் 'பெர்ல்6' மட்டும் இருக்கும்; புதியதில் 'ராக்கு' இருக்கும். நிரலின் தலையில் எழுதியிருக்கும் ஓட்டும் வரி எந்தக் காலத்ததோ, அதற்கேற்ப ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும்.

முதலில் ராக்குடோ எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். ராக்குடோ என்பது ராக்கு நிரலைக் கணினிக்குப் புரியவைத்து ஓட்டும் மொழிமாற்றியின் பெயர். மொழிக்குப் பெயர் மாறுவதற்கு முன்பே அதற்கு அந்தப் பெயர்தான். பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருப்பதால் வேலை சுலபம். 2020-க்கு முந்தையது என்றால் புதுப்பித்துவிடுங்கள். புதுப்பிக்க முடியாத சர்வர் என்றால் (அப்படி ஒன்றாவது எல்லாக் கடையிலும் இருக்கும்) பழைய கட்டளைக்குப் புதிய பெயரில் ஒரு குறியிணைப்பு (ஒரு பெயரைக் கூப்பிட்டால் இன்னொன்றுக்கு அனுப்பும் குறுக்குவழி) போட்டுவிட்டு, அதைப் போட்டதாக எங்காவது எழுதிவையுங்கள். எழுதிவைக்கச் சொல்வது ஏன் என்பது கடைசிப் பகுதியில் வரும்.

கட்டளை கிடைத்த பிறகும் "தொகுப்பு கிடைக்கவில்லை" என்றால், தொகுப்புகளை எங்கே தேடுவது என்று சொல்லும் சூழல் மாறியைப் பாருங்கள். 'பெர்ல்6லிப்' என்று இருந்தது 'ராக்குலிப்' ஆகிவிட்டது. கோப்பு வால்களில் 'பிஎம்6' இப்போது 'ராக்குமாட்', சோதனைக் கோப்புக்கு 'ராக்குடெஸ்ட்'. நிரலுக்குள் ஒரு பொருளை அச்சிட்டுப் பார்க்கப் பயன்படும் 'பெர்ல்' என்ற செயல்முறைக்கு இன்று 'ராக்கு' என்று பெயர். ஆனால் தொகுப்பின் விவரக் கோப்பு மட்டும் இன்றும் 'மெட்டா6' தான். அதைப் 'பழையது' என்று நினைத்துப் பெயர் மாற்றி வைத்தால் நிறுவியால் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: தேடினால் சம்பந்தமில்லாத முடிவுகள்

தமிழில் 'ராகு' என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ராகு கேது பெயர்ச்சி பலன்தான் வரும். ஆங்கிலத்தில் தேடினால் ஜப்பானிய மண்பாண்டம் வரும். அதற்கும் ராக்கு என்றுதான் பெயர். ஜப்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்குச் சுகம், எளிமை என்ற பொருள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் "ராக்குல எழுதினது" என்று சொன்னேன். "ராகுவா? அப்ப நல்ல நேரம் பார்த்துப் போடுங்க தம்பி" என்றார். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வைத்தார். யோசித்துப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அமுதம் குடிக்க வந்த ஓர் அசுரனை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டுக்கும் இரண்டு பெயர் வைத்த கதைதானே அது.

நிவாரணம்: பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 2019-க்கு முன் யாராவது தீர்த்துவைத்த சிக்கல் பழைய பெயரில்தான் கிடக்கும். புதிய பெயரோடு 'லாங்' என்று ஒட்டித் தேடுவது இன்னொரு வழி. கோ மொழிக்காரர்கள் 'கோலாங்' என்று சொல்லிச் சொல்லியே அதைப் பாதிப் பெயராக்கிவிட்டார்கள்.

அறிகுறி: ஜாவா ஆள் வந்திருக்கிறார், வேலை ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கிறது

இதற்கு நிரலில் மருந்து இல்லை, விளம்பரத்தைத் திருத்துங்கள். 1995-இல் மோக்கா என்று தொடங்கி லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, அதே ஆண்டு டிசம்பரில் ஜாவாவின் புகழுக்காக ஜாவாஸ்கிரிப்ட் ஆன மொழி அது. ஜாவாவுக்கும் அதே ஆண்டுதான் பெயர் மாறியது. ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங்கின் அலுவலகத்துக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரை முதலில் வைத்திருந்தார்கள். அந்த வணிகப்பெயர் வேறொருவரிடம் இருந்ததால் காப்பிப் பெயருக்கு மாறினார்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நிழல் தருவது சில்வர் ஓக். அதுவும் பெயரில்தான் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு இன மரம். ஜாவாஸ்கிரிப்ட் ஜாவா இல்லை என்பதை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் அந்த மரத்தைத்தான் காட்டுவேன்.

அறிகுறி: சர்வர் ஓடுகிறது, பதிவில் ஒரு பிழையும் இல்லை, பக்கத்தைத் திறந்தால் 404 ('பக்கம் கிடைக்கவில்லை')

எங்களுக்கு வரும் பெயர் வழக்குகளில் இதுதான் அதிகம், அதிகம் பணம் நஷ்டமாக்குவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரி. எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எல்லாம் போட்டுப் பில் அடிக்கும் மென்பொருள் ஜாவாவில் இருந்தது. சர்வரைப் பராமரித்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாவா மென்பொருளை இணையப் பக்கங்களாக ஓட்டித் தரும் டாம்கேட் 9-ஐ எடுத்துவிட்டு 10-ஐப் போட்டுவிட்டுப் போய்விட்டார். திங்கள் காலை போன். "தம்பி, பில்லே வரமாட்டேங்குது. ஆளுங்க கொலுசோட நிக்கிறாங்க." போய்ப் பார்த்தால் சர்வர் அமைதியாக ஓடுகிறது. சிவப்பு வரி எதுவும் இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404.

என்ன நடந்தது? ஜாவா மொழியின் பெயர் மாறவில்லை. அதன் நிறுவனப் பதிப்பான ஜாவா இஇ-யின் பெயர் மாறியது. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் 2017-இல் அதை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 'ஜாவா' என்ற வணிகப்பெயரை ஒப்படைக்கவில்லை. 2018-இல் புதுப்பெயர் வந்தது: ஜகார்த்தா இஇ. (ஜாவா தீவில் இருக்கும் நகரம்தான் ஜகார்த்தா. வைத்தவர்களுக்கு ரசனை உண்டு.) 2019-இல் வெளியான ஜகார்த்தா இஇ 8-இல் பலகை மட்டும்தான் புதியது, உள்ளே எல்லாம் பழைய 'ஜாவாஎக்ஸ்' பெயர்களே. அந்தப் பழைய பெயர்களை வைத்துக்கொண்டு உள்ளே எதையும் மாற்றக்கூடாது என்று இரு தரப்புக்கும் இடையே முடிவானதால், 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் 'ஜாவாஎக்ஸ் சர்வ்லெட்' (பக்கத்தைத் தயாரித்துத் தரும் நிரல்துண்டு) எல்லாம் 'ஜகார்த்தா சர்வ்லெட்' ஆயின. டாம்கேட் 9 பழைய பெயரைத் தேடும், 10 புதிய பெயரைத் தேடும். நடுவில் பாலம் கிடையாது.

நம் பில் மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே 'இது சர்வ்லெட்' என்று குறிப்பு ஒட்டியிருந்தது. பழைய பெயரில் ஒட்டிய குறிப்பு டாம்கேட் 10-இன் கண்ணுக்கே தெரியாது. தெரியாததைப் பற்றி அது எப்படிப் புகார் சொல்லும்? அதனால்தான் பிழையே இல்லாத 404. குறிப்பு ஒட்டாமல் அமைப்புக் கோப்பில் பக்கங்களைப் பதிவுசெய்திருந்தால் 'ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் வகுப்பு கிடைக்கவில்லை' என்று கத்தியாவது இருக்கும். கத்தும் நிரல் நல்ல நிரல், சார்.

உடனடி நிவாரணம்: டாம்கேட் 9-க்குத் திரும்புங்கள். வியாபாரம் நிற்கும்போது வீரம் காட்ட வேண்டாம். நாங்கள் அன்றைக்கு அதைத்தான் செய்தோம், 20 நிமிடத்தில் பில் வந்தது.

திரும்ப வழியில்லை என்றால், டாம்கேட் 10-இல் பழைய பொதிகளுக்கென்றே 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்ற அடைவுக்கு வழி உண்டு. நீங்களே உருவாக்கி, அதில் பழைய பொதியைப் போட்டால் பெயர்களைத் தானே மாற்றி வழக்கமான இடத்தில் வைத்துவிடும். டாம்கேட் குழு தனியாகவும் ஒரு மாற்றுக்கருவி வெளியிட்டிருக்கிறது. மூல நிரல் தொலைந்துபோன மென்பொருளுக்கு இது சாமி மாதிரி. நிரந்தரத் தீர்வு, மூல நிரலிலேயே பெயர்களை மாற்றுவது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தின் 3-ஆம் பதிப்புக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம்; கூடவே ஜாவா 17-ம் வேண்டும்.

அறிகுறி: எல்லா 'ஜாவாஎக்ஸ்'-ஐயும் மாற்றிவிட்டேன், இப்போது முன்பைவிட அதிகப் பிழைகள்

மேலே சொன்ன அதே பில் மென்பொருள்தான். நிரந்தரமாக மாற்றும் வேலையைத் தம்பி ஒருவனிடம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் "முடிச்சிட்டேண்ணா" என்றான். ஒரே தேடல், ஒரே மாற்று. தொகுத்துப் பார்த்தால் சிவப்புக் கடல்.

'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்குவதெல்லாம் இடம் மாறவில்லை. 'ஜாவாஎக்ஸ் சீக்வல்', 'ஜாவாஎக்ஸ் கிரிப்டோ', 'ஜாவாஎக்ஸ் ஸ்விங்' போன்றவை ஜாவாவின் அடிப்படைப் பதிப்பைச் சேர்ந்தவை. அவை பழைய பெயரிலேயே இருக்கின்றன. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன், மெயில் போன்றவைதான் ஜகார்த்தாவுக்குக் குடிபோனவை.

இதுவரைக்கும் பட்டியல் பார்த்துச் செய்துவிடலாம். மோசமானவை ஒரே குடும்பத்துக்குள் பாதி போய்ப் பாதி தங்கியவை. 'டிரான்சாக்ஷன்' போய்விட்டது, அதன் கீழ் இருக்கும் 'எக்ஸ்ஏ' தங்கிவிட்டது. 'அனோடேஷன்' போய்விட்டது, 'அனோடேஷன் பிராசஸிங்' தங்கிவிட்டது. எக்ஸ்எம்எல்-இல் 'பைண்ட்' போனது, 'பார்சர்ஸ்' இருக்கிறது. இவற்றைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், அல்லது வளர்ச்சிச் சூழலில் இதற்கென்றே இருக்கும் மாற்று வசதியைப் பயன்படுத்த வேண்டும். வெறும் தேடல்-மாற்று கூடவே கூடாது.

தொகுப்பு வெற்றி என்று வந்த பிறகும் ஓட்டும்போது தரவுத்தளம் இணையவில்லை என்றால், மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். பெர்சிஸ்டன்ஸ் அமைப்புக் கோப்பில் இணைப்பு முகவரிக்கான பண்புப் பெயர் 'ஜாவாஎக்ஸ் பெர்சிஸ்டன்ஸ்' என்று பழையபடியே நிற்கும்; அதையும் ஜகார்த்தா ஆக்க வேண்டும். அது வெறும் எழுத்துச் சரம். மொழிமாற்றி அதைச் சரிபார்க்காது. எங்களை அரை நாள் அலைய விட்டது இந்த ஒரு வரிதான்.

இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். பழைய பக்கங்களின் தலையில், ஜாவாவை முதலில் வெளியிட்ட சன் நிறுவனத்தின் இணைய முகவரி இருக்கும். சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010-இல் வாங்கிவிட்டது. இருந்தாலும் அந்த முகவரி அங்கே அடையாளச் சொல்லாக மட்டுமே இருப்பதால் அதைத் தொடத் தேவையில்லை. போனவர் பெயரில் இன்னும் ரேஷன் கார்டு ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: வெறும் மஞ்சள் எச்சரிக்கைகள், நிரல் ஓடுகிறது

ஆராய்ச்சி மாணவர்களிடம் வரும். 'கொக்' என்றொரு நிறுவல் உதவிமொழி. கணிதத் தேற்றங்களையும் நிரல்களின் சரித்தன்மையையும் கணினியே சோதிக்கும்படி எழுதுவதற்கானது. பிரெஞ்சில் சேவல் என்று பொருள், நம் காதுக்குக் கொக்கு. ஆங்கிலத்தில் அது ஆபாசச் சொல்லாக ஒலித்ததால் அதைக் கற்பித்தவர்களும் கற்றவர்களும், குறிப்பாகப் பெண்கள், பல ஆண்டுகள் கேலியைப் பொறுத்துக்கொண்டார்கள். 2023-இல் ரொக் என்று மாறப்போவதாக அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் 9.0 பதிப்பு அந்தப் பெயரில் வந்தது. மொழி பிறந்த ரொக்கன்கூர் என்ற ஊரின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. நமக்கு 'ரொக்கம்' என்று கேட்பதில் தவறில்லை, மங்கலமான சொல்தான்.

எச்சரிக்கை வருவது 'ஃபிரம் கொக்' என்று தொடங்கும் வரிகளால். 'ஃபிரம் எஸ்டிடிலிப்' என்று மாற்றினால் போய்விடும். கோப்பின் வால் 'வி' தான், மாறவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள். மஞ்சள் யாரையும் கொன்றதில்லை.

அறிகுறி: பயிற்சியில் கற்றதும் கையேட்டில் இருப்பதும் வேறு வேறு மொழியாகத் தெரிகின்றன

2020-இல், நிரலை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றித் தரும் பக்கிள்ஸ்கிரிப்ட் என்ற கருவி ரீஸ்கிரிப்ட் ஆனது. கூடவே புதிய எழுத்துமுறையும் வந்தது. அதுவரை அதே கருவியை ரீசன் எழுத்துமுறையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் மொழிக்குத்தான் பெயர் மாறிவிட்டதா, தாங்கள் வெளியே நிற்கிறோமா என்று தெரியாமல் குழம்பினார்கள். ரீசன் தனியாகத் தொடர்ந்தது. வெளியிலிருந்து பெயர் மாற்றம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே நடந்தது பாகப்பிரிவினை. கோப்பின் வாலைப் பாருங்கள்: 'ஆர்இ' என்றால் ரீசன், 'ஆர்இஎஸ்' என்றால் ரீஸ்கிரிப்ட். எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்துக் கையேட்டை மட்டும் படியுங்கள்.

அறிகுறி: நிரல் எல்லாம் சரி, ஆட்களுக்குள் சண்டை

இதைப் பிழைநீக்கக் குறிப்பில் ஏன் சேர்க்கிறேன் என்றால், இதையும் பிழைச் செய்தி மாதிரியே படிக்கலாம். திரையில் கடைசியாகத் தெரியும் வரி பெரும்பாலும் காரணமாக இருக்காது. மேலே மேலே போய்த்தான் தேட வேண்டும்.

2019 இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் ஏற்காட்டுக்குப் போனோம். அடிவாரத்தில் தொடங்கிய பேச்சு 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி வரை ஓயவில்லை. எங்களில் மூத்தவர் பெர்ல் 5-இல் ஊறியவர். பெயர் மாறியதில் அவருக்கு நிம்மதி. ஆனால் பேச்சில் நிம்மதி தெரியவில்லை, கோபம்தான் தெரிந்தது. "பத்தொன்பது வருஷம் கழிச்சு மாத்தறாங்களாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இளையவன் அப்போதுதான் பெர்ல் 6 கற்றுக்கொண்டிருந்தான். "பெர்ல்ங்கற பேரே இல்லைன்னா யாருண்ணா வேலை கொடுப்பாங்க?" என்பது அவன் கட்சி. இரண்டு பேரும் பெயர் அழகாக இருக்கிறதா இல்லையா என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாவது வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்ததால் நான் எதுவும் பேசவில்லை.

பஜ்ஜி சாப்பிடும்போதுதான் அண்ணன் அடிவரியைச் சொன்னார். எந்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாலும், "ஆறு வருதாமே, நீங்க இன்னும் அஞ்சுலயே இருக்கீங்களா?" என்று கேட்பார்களாம். அவர் நன்றாகச் செய்த வேலையை ஓர் எண் பழையதாக்கிவிட்டது. இரண்டு ஒப்பந்தம் அதனாலேயே போனதாக அவர் நம்புகிறார். இளையவனுக்கோ நேர்மாறு. பெர்ல் என்ற பழைய கடையின் பெயரை நம்பித்தான் உள்ளே வந்தான். இப்போது கடைக்கு வெளியே பெயர் தெரியாத தள்ளுவண்டியில் நிற்பதாக நினைத்தான். இரண்டு நஷ்டமும் உண்மை. பெயர் நன்றாக இருக்கிறது என்று நாம் எவ்வளவு சொன்னாலும் இரண்டும் தீராது.

அதனால் யாராவது கோபப்படும்போது முதலில் கேளுங்கள்: இந்த மாற்றத்தின் செலவு இவர் தலையில் எவ்வளவு விழுகிறது? 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. வாயால் சொல்லும் பெயர் ஒரு ஊருக்கும் மாறவில்லை. எழுத்துதான் மாறியது. ஆனால் அந்த எழுத்து கடைப் பலகையிலும் சான்றிதழிலும் இருக்கிறதே.

"இதுக்கெல்லாம் நேரம் இருக்கு, என் பிழையைச் சரிசெய்ய நேரம் இல்லையா?" என்பவரிடம் பெயரைப் பற்றி வாதாடவே வேண்டாம், அவர் பதிந்துவைத்த பிழையைப் போய்ப் பாருங்கள், அது பல மாதமாகக் கிடக்கும். "எங்களைக் கேட்டீங்களா?" என்பவரிடம் ஒத்துக்கொள்வதுதான் வழி. கொக் குழுவினர் பயனர்களிடம் கருத்துக் கேட்டு, அறிவித்து, ஓர் ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்து மாற்றினார்கள். அப்படியும் முணுமுணுப்பு இருந்தது, இருக்கத்தான் செய்யும். 2010-இல் பிஎல்டி ஸ்கீம் என்ற மொழி ராக்கெட் ஆனபோது பழைய 'ஸ்கீம்' தலைவரியோடு எழுதிய நிரல்கள் அப்படியே ஓடும்படி விட்டுவைத்தார்கள். என்னைக் கேட்டால் சமாதானப் பேச்சு எல்லாவற்றையும்விட அந்த ஒரு தலைவரி பெரியது.

பெயரை மாற்ற மறுத்தாலும் இதே சண்டை வரும். 2009-இல் கூகுள் கோ மொழியை வெளியிட்ட உடனே, பிரான்சிஸ் மெக்கேப் என்பவர் அந்தப் பெயரில், ஆச்சரியக்குறியோடு, தன் மொழி முன்பே இருக்கிறது என்று பதிந்தார். கோவின் பிழைப்பட்டியலில் அது ஒன்பதாம் எண். ஏறக்குறைய ஓராண்டு கழித்து 'துரதிர்ஷ்டம்' என்ற முத்திரையோடு அதை மூடினார்கள். பெயர் மாறவில்லை.

பழைய பெயரை எப்போது எடுப்பது?

மேலே குறியிணைப்புப் போட்டால் எழுதிவையுங்கள் என்றேனே, அது இதற்குத்தான். தற்காலிகமாகப் போட்ட எதுவும் நம் ஊரில் தானாகப் போனதில்லை. பழைய பெயரில் வெறும் இணைப்பு வைக்காமல் இரண்டு வரியில் ஒரு சின்ன நிரல் வையுங்கள்: யார், எப்போது அழைத்தார்கள் என்று ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, புதிய கட்டளைக்கு அனுப்பிவிட வேண்டும். பதிவு ஓய்ந்ததும் எடுத்துவிடலாம்.

ஓய்ந்தது என்று எப்படித் தெரியும்? நான் இரண்டு மாதம் பார்ப்பேன், போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு சர்வரில் 'பெர்ல்6' என்ற பழைய பெயருக்கு நவம்பர் முதல் ஒரு அழைப்புகூட இல்லை. பிப்ரவரியில் எடுக்கலாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மறந்துபோனேன், அவனும் மறந்துபோனான். மார்ச் 31 இரவு 11:40-க்குப் பதிவில் ஒரு வரி: ஆண்டுக்கு ஒரே ஒரு முறை ஓடும் சரக்கிருப்புக் கணக்கு. நிரலைத் திறந்து எழுதியவர் பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது.